நீளம் குறையாத சட்டை

ரொட்டிக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்குப் புருஷனும் பெண்சாதியுமாகக் குடிவந்தபோது, அவனுக்கு அந்த ஊர்ப் பாஷையில் எண்ணத் தெரியும், திட்டத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. கிடங்கில் மூட்டை அடுக்குகிறவனுக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை. அவளுக்கு அதுவும் வராது. அவள் தையல்காரி. கல்யாணத்துக்கு முன்பே மிஷினில் உட்கார்ந்தவள். பள்ளிக்கூட உடுப்பிலிருந்து மாப்பிள்ளைக் கோட்டு வரை அவள் கை படாத துணி கிடையாது. ஆனால் புது ஊரில் அதை யாரிடம், எந்த வாயால் சொல்வது?

வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாக முடியவில்லை. கிடங்கில் ஏணி சறுக்கி அவன் விழுந்தான். கால் முறிந்து, தொடை வரை மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிடங்கு முதலாளி ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து பார்த்தார். நின்றபடியே ரொம்ப நேரம் என்னவோ பேசினார். தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"என்னங்க சொல்லிட்டுப் போறாரு?" என்று கேட்டாள்.

"நமக்கு எண்ணத்தானே தெரியும். அவர் பேச்சுல ஒரு நம்பர்கூட வரல. அதனால சம்பளத்தப் பத்தி இல்லன்னு மட்டும் தெரியுது."

சிரித்தாள். சிரித்து முடித்தபோது கடன் கணக்கு நினைவுக்கு வந்தது. வாடகை பாக்கி, மருந்து பாக்கி; அரிசி டப்பாவைத் தட்டினால் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. மறுநாள் காலையில் தலையை வாரிக்கொண்டு, அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பேச்சு வராதவளுக்கு அதுதான் பெயர்ப்பலகை.

முதல் தையல்கடையில் கடைக்காரர் என்னவோ கேட்டார். தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டார். மறுபடி ஆட்டினாள். அவர் எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். 'கடை மாறி வந்துட்டியாம்மா?' என்றுதான் கேட்டிருப்பார் என்பது தெருவுக்கு வந்த பிறகு உறைத்தது. இரண்டாவது கடையில் ஒரு பாக்கெட் தைக்கக் கொடுத்தார்கள். தைத்தாள். அங்கே இருந்த பெண்கள் வாங்கிப் பார்த்து தலையை ஆட்டி மெச்சினார்கள். அதற்குள் ஒரு வாடிக்கைக்காரி வந்து இவளிடமே எதையோ விசாரிக்க, இவள் திருதிருவென்று விழிக்க, கடைக்கார அம்மாள் சிரித்தபடி தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். வந்தவர்களோடு பேசத் தெரியாத தையல்காரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நியாயம்தான்.

மூன்றாவது கடைக்காரர் நல்ல மனுஷர். ஆனால் புரியவில்லை என்றால் இன்னும் சத்தமாகச் சொன்னால் புரியும் என்று நம்புகிற ரகம். அவர் தொண்டை கிழியக் கத்தக் கத்த, இவள் தலையாட்டிக்கொண்டே நின்றாள். கல்லாப் பக்கம் காகிதப் பொட்டலத்தோடு நின்றிருந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது சொல்லலாம். நரைத்த தலை, இறுக்கமான சாம்பல் நிறக் கோட்டு. பொட்டலத்தைக் கடையில் கொடுக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு இவள் பின்னாலேயே வெளியே வந்தாள்.

தெருமுனையில் கழுத்தில் ஏதோ இழுபட்டது. திரும்பினாள். டேப்பின் தொங்கும் முனையை அந்த அம்மாள் இரண்டு விரலால் பிடித்திருந்தாள். அதை விடாமலே முன்னால் நடந்தாள். தையல்காரி பின்னால் போனாள். போகாமல் என்ன செய்ய?

மூன்று மாடி ஏறிப் போன வீடு. சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம். கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வெளிறிய கட்டம். நடைவழியில் இன்னொன்று. கை கழுவும் தொட்டிக்கு மேலே வட்டமாக ஒன்று. எதையோ எல்லா இடத்திலும் கழற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. வாசலை ஒட்டிய சின்ன அறையில் தையல் மிஷின் எண்ணெய் போட்டுத் தயாராக நின்றது.

அம்மாள் அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரே நின்றுகொண்டு குழந்தையைக் கொஞ்சுகிற குரலில் ஒரு வாக்கியம் சொன்னாள். தையல்காரி புன்னகைத்தாள். பிறகு கடுமையான குரலில் ஒன்று. அதற்கும் பயந்தபடி ஒரு புன்னகை. கடைசியில் அம்மாள் அவளுடைய தோளுக்கு மேலே, அவள் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, மெதுவாக, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் இன்னொன்று சொன்னாள். சொல்லிவிட்டு இவள் கண்ணையே பார்த்தாள். தையல்காரி தலையை ஆட்டினாள்.

வேலை கிடைத்துவிட்டது. ஒரு தையல்கூடப் போட்டுக் காட்டச் சொல்லவில்லை.

வேலை இதுதான்: ஆம்பிளைச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் பிடித்துத் தைக்க வேண்டும். பொட்டலத்தில் இருந்ததும் அவைதான். அளவு சொல்ல அம்மாள் டேப்பைத் தொடுவதில்லை. நூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பாள். அதில் முடிச்சுகள் இருக்கும். ஒரு முடிச்சு மார்புக்கு, ஒன்று இடுப்புக்கு, ஒன்று கழுத்துக்கு. பழைய தையலைப் பிளேடால் பிரித்து, புது அளவுக்கு உள்ளே தள்ளித் தைத்து, பழைய தடம் தெரியாமல் இஸ்திரி போட வேண்டும். நூலின் நிறம் மயிரிழை மாறினாலும் அம்மாள் நகத்தால் சுட்டிக் காட்டுவாள். தையல்காரிக்கு அது பிடித்திருந்தது. வேலை தெரிந்தவளிடம் வேலை வாங்கத் தெரிந்த மகராசி என்று நினைத்துக்கொண்டாள். கூலியும் சொன்ன நேரத்துக்கு வந்தது.

வேலை முடிந்து கிளம்பும்போது அம்மாள் வாசல் வரை வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வாள். நடுவில் மூக்கால் இழுக்கும் ஒலி வருகிற வார்த்தை. தினமும் அதே வார்த்தை, அதே அழுத்தம். 'போய் வா' என்று அர்த்தமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். அந்த ஊர்ப் பாஷையில் அவள் முதன்முதலாகப் பிழையில்லாமல் கற்றுக்கொண்டது அதைத்தான். கற்ற வித்தையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? கீழே ரொட்டி வாங்கும்போதெல்லாம், திரும்பும் முன்னால் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்து, அதே வார்த்தையை அதே மூக்கொலியோடு சொல்லிவிட்டு வருவாள்.

முதல் தடவை ரொட்டிக்காரரின் கை அப்படியே நின்றது. கடையின் உள்பக்கத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு பையில் இன்னொரு ரொட்டியைப் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து அவள் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு ரொட்டி கூட வந்தது.

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச ஊருங்க. போயிட்டு வர்றேன்னு சொன்னா ரொட்டி தர்றாங்க" என்றாள் புருஷனிடம்.

"நானும் சொல்லிப் பாக்குறேன், சொல்லிக் குடு."

"உங்களுக்குத்தான் திட்டத் தெரியுமே, அத வெச்சுப் பொழச்சுக்குங்க."

வாரம் தோறும் அதே சட்டைகள் திரும்பி வந்தன. முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவு சரியாக வரவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். அடுத்த தடவையும் வந்தன. அதற்கடுத்த தடவையும் வந்தன. கோட்டு, ராத்திரி உடுப்பு, கம்பளிக் கையுறை, பெல்ட்டு. ஒன்று விடாமல் ஒவ்வொன்றும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெல்ட்டில் புதுத் துளை போடக்கூடாது. நுனியை வெட்டி, பக்கிளைக் கழற்றி நகர்த்தித் தைக்க வேண்டும். போடுகிறவர் எப்போதும் அதே துளையில்தான் மாட்ட வேண்டும் போல.

துணியை மட்டும் அவள் வெட்டவில்லை. மிச்சத்தை உள்ளேயே மடித்து வைத்தாள். நாளைக்கே பிரித்துவிடச் சொன்னால்? தொழில் தெரிந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஒருநாள் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது கை தானாக நின்றது. சட்டையைத் தூக்கி எதிரே பிடித்துப் பார்த்தாள். கழுத்துப்பட்டி ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு உரியது. மார்பும் அப்படித்தான். ஆனால் கை நீளம்? உடம்பின் நீளம்? அவை முதல் நாள் இருந்த அளவிலேயே இருந்தன. வாட்டசாட்டமான, வாசலில் குனிந்து நுழைகிற ஓர் ஆம்பிளையின் நீளம். அகலம் மட்டும் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே புருஷனிடம் சொன்னாள்.

"வெளையாடறியா? அப்படி ஒரு ஆளு எப்படி இருக்க முடியும்?"

"நானா சொல்றேன்? சட்ட சொல்லுது."

"பாத்திருக்கியா ஆள?"

"இல்ல. உள் ரூம் கதவு சாத்தியே இருக்கும். சில நேரம் நடக்கிற சத்தம் கேக்கும். செருப்பு பெருசு, கால் மெலிசுன்னா ஒரு சத்தம் வருமே, அப்படி."

அவன் கையைக் கழுவினான். "வேணாம்மா. நின்னுடு. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

"நின்னுட்டு? உங்க மாவுக்கட்டக் கரைச்சுக் குடிக்கிறதா?"

அவன் ஊன்றுகோலை இழுத்துக்கொண்டு படுக்கைக்குப் போனான்.

நூலைப் பற்றி அவள் அவனிடம் சொல்லவில்லை. அம்மாள் உள் அறையிலிருந்து வந்து நூலைக் கையில் கொடுக்கும்போது அது வெதுவெதுப்பாக இருக்கும். இப்போதுதான் ஓர் உடம்பைச் சுற்றியிருந்த வெதுவெதுப்பு. சில நாள் அதில் வேர்வை ஈரமும் இருக்கும். நூல் காய்கிற வரை அவள் அதைத் தொடாமல் மேஜையில் போட்டு வைப்பாள்.

அம்மாள் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் அது நடந்தது. நல்ல வெயில். ஜன்னல் திறந்திருந்தது. தையல்காரி காஜா போட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மங்கின மாதிரி இருந்தது, நிமிர்ந்தாள். கதவு நிலையில் அவன் நின்றிருந்தான்.

முதலில் அவள் கண்ணில் பட்டது ஆள் அல்ல, சட்டை. போன வாரம் அவள் பிடித்துத் தைத்த, நீலக்கோடு போட்ட சட்டை. தோளில் ஒரு சுருக்கம் இல்லை, மார்பில் ஒரு தொய்வு இல்லை, கழுத்தில் ஒரு விரல்கூட நுழையாது. பொருந்தினால் இப்படிப் பொருந்த வேண்டும் என்று ஒரு கணம் தையல்காரியின் மனசு பூரித்தது. அதற்குப் பிறகுதான் சட்டைக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தாள்.  கதவு நிலையின் உயரம் இருந்தான். அகலம் ஒரு கைப்பிடி. தோலும் எலும்பும், அவற்றுக்கு நடுவே பெரிய இரண்டு கண்களும். அம்மாளின் அதே மூக்கு, அதே காது. தம்பியாகத்தான் இருக்க வேண்டும்.

அவன் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். மேஜையில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து, உள்பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான்.

என்னதான் இஸ்திரி போட்டாலும் ஊசி போய் வந்த துளை துணியில் இருக்கும். வெயிலில் அது தெரிந்தது. தையல் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, வரிசை வரிசையாகப் பொடித்துளைகள். அவன் நகத்தால் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டு வந்தான். தன் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துக் காட்டினான். விரல் நுனிகள் தாண்டிப் போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. பிறகு அவளுடைய கையைச் சுட்டி, 'நல்ல வேலை' என்கிற மாதிரித் தலையை அசைத்தான்.

அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. சுவரில் கழற்றப்பட்டவை கண்ணாடிகள். உடம்பு கரைவது தம்பிக்குத் தெரியக்கூடாது என்று அக்கா வீட்டில் இருந்த கண்ணாடியையெல்லாம் எடுத்துவிட்டாள். துணி தொளதொளத்தால் தெரிந்துவிடுமே. அதனால் துவைக்கப் போகிற துணியெல்லாம் முதலில் இந்த அறைக்கு வருகிறது. அவன் தூங்கும்போது நூலைச் சுற்றி அளவெடுக்கிறாள். பாஷை தெரியாதவளாகப் பார்த்துத் தையல்காரியைப் பிடித்து வந்ததும் அதற்குத்தான். அவளால் யாரிடமும் வாய் தவறிச் சொல்லிவிட முடியாது.

தம்பிக்கோ முதலிலிருந்தே எல்லாம் தெரியும்.

அவன் வாசல் பக்கம், அக்கா போன திசையைக் காட்டினான். கன்னத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, தான் அவளுக்காக எப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்று நடித்துக் காட்டினான். பிறகு விரலை உதட்டின் மேல் வைத்து, அவள் கண்ணைப் பார்த்து, ஒரு வார்த்தை சொன்னான். நடுவில் மூக்கால் இழுக்கும் ஒலி.

தினமும் வாசலில் அக்கா சொல்கிற அதே வார்த்தை.

 அது 'போய் வா' இல்லை. 'சொல்லிவிடாதே.'

வீட்டுக்கு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷன் ஊன்றுகோலோடு தத்தித் தத்தி வந்து விசாரித்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப கீழ ரொட்டிக்காரர்கிட்ட இத்தன நாளா நீ என்ன சொல்லிட்டிருந்த?"

"சொல்லிடாதேன்னு."

அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாவுக்கட்டுக் கால் தரையில் டக் டக்கென்று அடித்தது. "நேத்து ரொட்டிய இன்னிக்கி ரொட்டின்னு விக்கிறத நீ கண்டுபிடிச்சுட்டன்னு நெனச்சிட்டாரும்மா! அதான் வாயடைக்க ஓசி ரொட்டி!"

அவளும் சிரிக்கத்தான் முயன்றாள். வரவில்லை. அக்கா சொல்லாதே என்கிறாள், தம்பி சொல்லாதே என்கிறான். இரண்டு பேருக்கும் நடுவே தான் ஒருத்திதான் எல்லாம் தெரிந்தவள். அவளுக்கோ வாய் இல்லை.

அதன் பிறகும் வேலைக்குப் போனாள். உள் அறையில் அக்காவும் தம்பியும் சிரித்துப் பேசுவது சில நாள் கேட்கும். ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிற சிரிப்பு என்று தெரிந்து கேட்டால் சிரிப்புச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். மிஷினைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பாள்.

இதற்கிடையே புருஷன் பொழுது போகாமல் கீழே ரொட்டிக்கடையில் போய் உட்கார ஆரம்பித்தான். ரொட்டிக்காரரின் மனைவி வாயாடி, ஆனால் நல்லவள். அவள் இரண்டு பேருக்கும் பாஷை சொல்லிக் கொடுத்தாள். மேலே, கீழே, முன்னால், பின்னால், சூடு, ஆறிப்போச்சு, இருக்கு, இல்லை. தையல்காரி கடகடவென்று பிடித்துக்கொண்டாள். அம்மாளின் மாடி வீட்டில் மட்டும் ஒன்றும் தெரியாதவள் மாதிரியே தலையாட்டினாள். தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அந்தக் கூலி போய்விடும்.

'பின்னால்' என்ற வார்த்தையைக் கற்ற அன்று மட்டும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் நாள் அம்மாள் அவளைச் சோதித்துப் பார்த்தபோது கடைசியாகச் சொன்ன வாக்கியம் காதில் அப்படியே இருந்தது; மற்ற வார்த்தைகள் ஏற்கெனவே பிடிபட்டிருந்தன. 'உன் பின்னால் ஒருவன் நிற்கிறான்.' பாஷை தெரிந்தவளாக இருந்தால் திரும்பியிருப்பாள். அவள் திரும்பவில்லை, வேலை கிடைத்தது. ஆனால் சும்மா சோதிக்கத்தான் சொன்னாளா, நிஜமாகவே யாராவது நின்றிருந்தானா? அது கடைசி வரை அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு சில நாள் மாடி வீட்டுக் கதவு திறக்கவில்லை. தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு நாள் திறந்தது. அம்மாள் அதே கோட்டோடு, அதே இறுக்கத்தோடு நின்றாள். அறையில் சட்டைகள் தயாராக இருந்தன. அம்மாள் உள்ளே போய் நூலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நூல் சில்லென்று இருந்தது.

அன்றைக்கு ஜன்னலோரம் காற்றாக இருக்கும் என்று தையல்காரி மனசைத் தேற்றிக்கொண்டாள். முடிச்சுகள் இன்னும் நெருங்கியிருந்தன. தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரமும் நூல் சில்லென்றுதான் வந்தது. முடிச்சுகள் இன்னும் நெருங்கின. மார்பளவு இப்போது அவளுடைய தொடைக்குப் போதும். பெரிய செருப்பின் சத்தம் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது புருஷன் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது.

"இன்னிக்கி அந்த வீட்டுல என்ன வேல பாத்த?"

"எப்பவும் பாக்கறதுதான். ஏங்க?"

"அந்தத் தம்பி செத்துட்டாராம். போன மாசமே எடுத்துட்டாங்களாம். ரொட்டிக்காரரு சொன்னாரு. அவருதான் அன்னிக்கி வந்தவங்களுக்கு ரொட்டி குடுத்தாராம்."

தையல்காரி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் யாருக்குங்க தைக்கிறேன்?"

"இனிமே அந்தப் பக்கமே போவாத" என்றான்.

போனாள். ஏன் போனாள் என்று பிற்பாடு யாராவது கேட்டால், 'துணி பாதியில கெடக்குதே' என்பாள். அது காரணம் அல்ல என்று அவளுக்கே தெரியும்.

காலை நேரம். கதவு திறந்தே இருந்தது. சத்தம் காட்டாமல் நடைவழியில் போனாள். முதல் தடவையாக உள் அறைக் கதவும் திறந்திருந்தது. ஜன்னல் வழியாக வெயில் கட்டிலின் மேல் விழுந்திருந்தது. படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. கட்டிலின் பக்கத்தில் அம்மாள் நின்றிருந்தாள். கையில் நூல்.

அவள் காற்றை அளந்துகொண்டிருந்தாள். ஓர் ஆள் நிற்கிற இடத்தில் இரண்டு கையையும் வளைத்து நூலைச் சுற்றி, முனைகளைச் சேர்த்து, முடிச்சுப் போட்டாள். பிறகு மேலே, இல்லாத முகத்தைப் பார்த்து மெல்லிய குரலில் சொன்னாள். இப்போது தையல்காரிக்கு அந்தப் பாஷை புரிந்தது.

"கையைத் தூக்குப்பா."

கொஞ்சம் பொறுத்தாள். அவன் கையைத் தூக்குகிற அளவு நேரம். பிறகு குனிந்து அக்குளுக்குக் கீழே நூலைக் கொடுத்தாள்.

தையல்காரி ஓரடி பின்வாங்கினாள். ஓடிவிடலாம் என்றுதான் கால் திரும்பியது. ஆனால் அந்த நூலைப் பார்த்தாள். வாரா வாரம் குறைந்துகொண்டே போகிறது. இன்னும் குறையும். முடிச்சும் முடிச்சும் ஒட்டிக்கொள்கிற நாள் வரும்; அன்றைக்கு இந்த அம்மாள் என்ன ஆவாள்?

தையல் அறைக்குப் போய் நீலக்கோடு போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். உள் அறை வாசலில் நின்று, தனக்குத் தெரிந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"தம்பி. இல்லை. தம்பிக்குத் தெரியும். எல்லாம் தெரியும்."

அம்மாள் திரும்பினாள். அவள் முகத்தில் வந்தது துக்கம் அல்ல, பயம். நாற்காலியும் மேஜையும் திடீரென்று வாய் திறந்து பேசினால் வருமே, அந்தப் பயம்.

"உனக்குப் பேச்சு வருமா?"

"கொஞ்சம்."

"எப்போதிலிருந்து?"

 தையல்காரி சட்டையை உள்பக்கம் திருப்பி வெயிலில் பிடித்தாள். வரிசை வரிசையாகத் துளைகள் ஒளிர்ந்தன. தம்பி செய்த மாதிரியே நகத்தால் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக் காட்டினாள். "தம்பி பார்த்தார். இங்கே. என்னிடம் சொன்னார், அக்காவிடம் சொல்லாதே. அக்காவுக்காகச் சிரித்தார்."

அம்மாள் சட்டையை வாங்கிக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நூல் அவள் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"போ" என்றாள்.

தையல்காரி போனாள். அந்த வாரக் கூலியைக் கேட்கவில்லை, அம்மாளும் கொடுக்கவில்லை. படியிறங்கும்போது மேலேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழுகிற சத்தம் வந்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

அன்றைக்குப் புருஷன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டான்: "போவாதன்னா கேக்காம போயி, இருந்த ஒரு வேலையையும் வாயால கெடுத்துக்கிட்டியே. இத்தன நாள் பேச்சு வராம வேல கெடைக்கல. பேச்சு வந்தும் வேல போச்சா?" கேட்டுவிட்டு அவனே, "ஆனா சொன்னது சரிதான்" என்றான். சில நாள் ரொட்டிக்கடையில் மாவு மூட்டைகளின் கிழிசலைத் தைத்துக் கொடுத்தாள். மூட்டைக்குக் கூலி ரொட்டிதான். ஆறிப்போன ரொட்டி. இந்தத் தடவை இரண்டு பக்கத்துக்கும் அது தெரிந்தே நடந்தது.

குளிர் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவள் தெரு நடுவே நின்றுவிட்டாள். எதிரே மாடி வீட்டுத் தம்பியின் கோட்டு வந்துகொண்டிருந்தது. அதே துணி, அதே பொத்தான், அவள் கையால் காஜா போட்ட அதே ஓரம். உள்ளே ஆள் நிறைந்து, தோளும் மார்புமாக, கையை வீசிக்கொண்டு வந்தது. குடம் கையிலிருந்து நழுவியது. கிட்டே வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. கடைத்தெருவில் கைவண்டி இழுக்கிறவர்.

அவர் அவளைத் தாண்டிப் போனபோதுதான் முதுகுத் தையலைப் பார்த்தாள். பார்த்த பிறகு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. ஓடிப் போய்க் கோட்டின் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, தையல் மோசம். கழற்றுங்க. நான் சரி செய்றேன்" என்றாள், அந்த ஊர்ப் பாஷையில், தப்பும் தவறுமாக.

கைவண்டிக்காரர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். மாடி வீட்டம்மா ஒரு மூட்டை துணியைக் கடைத்தெருவில் வந்து கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனாள் என்றார். தையல்காரி கோட்டை உள்பக்கம் திருப்பினாள். அவள் போட்ட தையல் ஒன்றுகூட இல்லை. மடித்து வைத்திருந்த துணி முழுக்கப் பிரித்து விடப்பட்டிருந்தது. அதன் இடத்தில் பெரிய பெரிய, கோணல்மாணலான கைத்தையல். ஊசி பிடித்துப் பழகாத கை போட்டது. ஓரிடத்தில் விரலில் குத்திக்கொண்ட ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

அவள் அதைப் பிரிக்கவில்லை. பக்கத்திலேயே உறுதியாக ஒரு வரி தைத்துக் கொடுத்தாள்.

கைவண்டிக்காரர் தன் கூட்டாளிகளைக் கூட்டி வந்தார், அவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பினார்கள். ரொட்டிக்கடை முகப்பில் ஒரு பழைய மிஷின் வந்து உட்கார்ந்தது. புருஷன் லேசாக நொண்டிக்கொண்டு மறுபடி கிடங்குக்குப் போகிறான். இப்போது எண்ணுவதற்கும் திட்டுவதற்கும் மேலே பேசுகிறான். மாடி வீட்டம்மா சில நாள் அந்த வழியாகப் போவாள். நிற்பதில்லை, பார்க்காமல் போவதும் இல்லை.

தையல்காரியிடம் ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அளவெடுக்க யார் வந்து நின்றாலும், டேப்பைச் சுற்றுவதற்கு முன்னால் விரல் நுனியால் அவர்கள் தோளை ஒரு தரம் தொட்டுப் பார்க்கிறாள். வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று. அவளுடைய ஊர்க்காரர்கள் அப்படித்தான் அளவெடுப்பார்கள் போல என்று வாடிக்கைக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.